வெளியேறுவது சரி, எங்கே போவது?

பிரித்தானியா 2019 மார்ச் 29 ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். நடக்கவில்லை. பின்னர் ஏப்ரல் 12 என்றார்கள். அதுவும் போய், 2019 ஒக்டோபர் 31 வரை தவணை வாங்கினார்கள். கொழுந்து பறிக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது.

2017 மே மாதம் இலங்கைக்குத் திரும்பக் கிடைத்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையைத் தருவது ஐரோப்பிய ஒன்றியம். 2019இல் அந்த ஒன்றியத்துக்குள் நமது ஆடைகளை அதிகம் வாங்கிய நாடு பிரித்தானியா. நமது லயங்களிலிருந்து கட்டுநாயக்கவுக்கும் பியகமவுக்கும் தையல் வேலைக்குப் போன பிள்ளைகளின் சம்பளம் அந்தக் கொள்வனவில்தான் தங்கியிருந்தது.

இனி தலைமையின் கதை. 2016 ஜூன் 23 ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் 51.9 வீதமானோர் வெளியேற வேண்டும் என்றார்கள். வாக்குச் சீட்டில் இருந்தது, இருப்பதா போவதா என்பது மட்டுமே. போனால் எங்கே, எந்த நிபந்தனையில் என்று அதில் இல்லை. தனது கட்சிச் சண்டையைத் தீர்க்க வாக்கெடுப்பை வைத்த டேவிட் கமரூன் பதவியை விட்டுப் போய்விட்டார். பின்னால் வந்த தெரேசா மே 2017 தேர்தலில் பெரும்பான்மையை இழந்து, வட அயர்லாந்துக் கட்சியொன்றின் 10 ஆசனங்களின் தயவில் ஆட்சி நடத்தினார். அவர் கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 432க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் மேலும் இரண்டு தடவை தோற்றது. ஒப்பந்தம் நிறைவேறினால் பதவி விலகுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். மாற்று வழிகள் எட்டைப் பாராளுமன்றம் தானே வாக்கெடுப்புக்கு விட்டபோது, ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

சிரிப்பதற்கு முன் நம்மையும் பார்ப்போம். அந்த அம்மையார் தனது ஒப்பந்தத்தை மூன்று தடவை வாக்குக்கு விட்டுத் தோற்றார். 1000 ரூபா கேட்டு நின்ற மக்களுக்கு 2019 ஜனவரியில் 700 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம், எந்தப் பிரட்டுக்களத்திலாவது ஒரு தடவை வாக்குக்கு விடப்பட்டதா?

நமக்குப் பாடம் அதிகம் இருப்பது தொழிற்கட்சியிடம். அதன் லண்டன் வாக்காளர் பலர் ஒன்றியத்தில் இருக்கவே விரும்பினார்கள். வடக்கின் பழைய சுரங்க நகரங்கள் பல வெளியேற வாக்களித்தவை. தொழிற்சங்கங்களும் பிளவுபட்டன. சம்மேளனமான டி.யு.சி. இருப்போம் என்றது. புகையிரதத் தொழிலாளரின் ஆர்.எம்.டி. போவோம் என்றது. இரு பக்கத்தையும் இழக்க விரும்பாத ஜெரமி கோர்பின், சுங்க ஒன்றியம் என்றும் தேவையானால் மறுவாக்கெடுப்பு என்றும் 2019இல் நடுவில் நின்றார்.

சண்டர்லாந்து நகரத்தில் 61 வீதமானோர் வெளியேற வாக்களித்தார்கள். 2019 பெப்ரவரியில், அங்கே தயாரிப்பதாகச் சொன்ன புதிய கார் ஒன்றை நிசான் நிறுவனம் கைவிட்டது. பிரெக்சிட் பற்றிய நிச்சயமின்மை உதவியாக இல்லை என்றும் சொன்னது. அந்தத் தொழிலாளரை முட்டாள்கள் என்று நாம் சொல்லமாட்டோம். 1988இல் அவர்களுடைய கப்பல் கட்டும் தளங்களும், 1993இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டபோது யாரும் அவர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. முதல் தடவையாகக் கேட்டபோது கோபத்தைச் சொன்னார்கள். அந்தக் கோபத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்று முன்கூட்டியே முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு இரு கட்சித் தலைமைகளிடமும் இருக்கவில்லை. வாக்குப் போய்விடும், கட்சி உடைந்துவிடும் என்ற பயமே பெரிதாக இருந்தது.

சலுகை தொடரும் என்று 2019இல் லண்டன் சொல்லியிருந்தது. ஆனால் அங்கே யார் பிரதமராக இருப்பார் என்றே தெரியாத அன்றைய நிலையில் வாய்ச்சொல் போதுமானதாக இருக்கவில்லை. ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை, சங்கம் சேரும் உரிமை உட்பட 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது. பிரித்தானியா தனியாகக் கொண்டுவரவிருந்த திட்டத்தில் அந்த நிபந்தனைகள் தளர்ந்திருந்தால், முதலாளிமாருக்கு நட்டம் இருந்திருக்காது. 2019 ஒக்டோபர் 31க்கு முன் இதை எழுத்தில் பெற வர்த்தக அமைச்சு என்ன செய்தது என்று மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். பதில் கிடைத்தால் அடுத்த இதழில் அச்சிடுவோம். கேள்வியே கேட்கப்படவில்லை என்றால், அதையும் அச்சிடுவோம்.