தானா ஓடுற சிடி எதுக்கு?

எண்ணூர் கழிமுகத்துல சாம்பல் படிஞ்சு, நண்டும் இறாலும் குறைஞ்ச கதையை ஸ்லைடாக்கி, கம்ப்யூட்டர்ல போட்டதும் தானா ஓடுற சிடியா கொடுக்கணும்னு அந்தப் பக்கத்துப் பசங்க கேக்குறாங்க. எங்க ஏரி மனுவுக்கும் இதே யோசனை சொன்னாங்க. எனக்கு இதுல உடன்பாடில்லை.

பவர்பாயிண்ட் 2003-லயே ஸ்லைடையும் அதை ஓட்டுற வியூவரையும் சேர்த்து சிடியில் எழுதும் வசதி வந்தாச்சு. ஆனா அது விண்டோஸை நம்பின ஏற்பாடு. 2008-ல கான்ஃபிக்கர் வைரஸ் பென் டிரைவ் வழியாவும் பரவினதும், விண்டோஸ் 7-ல பென் டிரைவ் தானா ஓடுறதையே நிறுத்திட்டாங்க. சிடியும் இப்ப “ஓட்டவா?”ன்னு கேட்டுட்டுத்தான் நிக்கும். லினக்ஸ்ல அதுவும் கிடையாது.

தமிழ் எழுத்துப் பாடு தனி. பாமினியில் அடிச்சதை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும். மீனவர் சொன்ன சேதி அதிகாரிக்கு எப்படிப் போய்ச் சேரும்?

வீடியோவாக்கிடுங்க. பவர்பாயிண்ட் 2010-ல அந்த வசதி இருக்கு; எழுத்து படத்தோட ஒட்டிக்கும். அதை டிவிடியா எழுதினா, அரசு கொடுத்த கலர் டிவி இருக்கிற குப்பத்து வீட்லயும் ஒரு பிளேயரை மாட்டிப் பார்த்துக்கலாம். படம் எடுத்த தேதி, இடம் ரெண்டும் பெரிய எழுத்துல இருக்கட்டும். ஒரு ஸ்லைடுக்குப் பத்து விநாடியாவது விடுங்க, அதிகாரி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டணுமே.