யார் 'ஜென்யூன்' மாணவர்?

ஊரிலிருந்து வரும் போனில் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "மார்க் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா பையன் ஜென்யூன் இல்லன்னு யுனிவர்சிட்டியில திருப்பிட்டாங்க. அப்படின்னா என்னப்பா?"

நான் இருக்கும் ஆஸ்திரேலியக் கதையைச் சொல்கிறேன். 2011 முதல் 'படிச்சுட்டுத் திரும்பிப் போவியா?' என்று கேட்டார்கள். 2024 மார்ச் 23 முதல் அது 'படிக்கத்தான் வர்றியா?' என்று மாறியது. பிறகு இங்கேயே தங்க ஆசைப்படுவது குற்றம் என்ற பார்வை அதோடு போனது. நல்ல மாற்றம்தான்.

சரி, விசா கொடுப்பது அரசாங்கம். பல்கலைக்கழகம் ஏன் துருவுகிறது? அது சேர்த்த பிள்ளைகளின் விசா அதிகம் நிராகரிக்கப்பட்டால் அதன் தரமதிப்பீடு சரியும். அதனால் முன்கூட்டியே சல்லடை! பேங்க் ஸ்டேட்மெண்ட், அப்பாவின் வருமானம், படிப்பில் இடைவெளி ஏன், வீடியோ இண்டர்வியூ... 2023இல் சில பல்கலைக்கழகங்கள் பஞ்சாப், ஹரியானா பக்க விண்ணப்பங்களையே ஒட்டுமொத்தமாக நிறுத்தி வைத்தன.

சல்லடையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஏஜெண்ட் கொடுத்த அட்மிஷன் லெட்டரே போலி என்று பல வருடம் கழித்துத் தெரியவந்து, பஞ்சாபிப் பிள்ளைகள் கனடாவில் நாடுகடத்தலை எதிர்நோக்கி நின்றது 2023இல்தான். ஆனால் இந்தச் சல்லடையில் நிற்பது யார், விழுவது யார்?

எங்கள் சித்தி வாக்கப்பட்டுப் போன போனக்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறினால், அகத்தியர்கூடம் போகும் பாதையில் இருக்கும் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக லயத்தில். தோட்டம் நொடித்து, ஃபாக்டரி மூடி, சம்பளம் நின்றுபோனது. இருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம், பட்டா கிடையாது. அங்கிருந்து ஒரு பெண் முட்டி மோதி டிகிரி முடித்து விண்ணப்பித்தால் எதைக் காட்டுவாள்? சம்பளச் சீட்டா, வருமான வரிக் கணக்கா?

ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 2024 மே மாதம் 29,710 டாலராக உயர்த்தினார்கள். படிப்புக் கட்டணம் தனி. விசா கட்டணம் 2025 ஜூலையில் 2,000 டாலர் ஆனது. கிடைக்காவிட்டால் திரும்பி வராது.

பணம் இருக்கிறதா என்று கேட்பது நியாயம். பணம் இல்லாமல் வந்து பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்கிறோமே. ஆனால் அது வசதிக்கான கேள்வி, நேர்மைக்கானது அல்ல. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள் என்பதுதான் என் வாதம். பாடம் நடத்துகிறவர் பத்து நிமிடம் பாடத்தைப் பற்றிப் பேசினால் போதும், படிக்க வருகிற பிள்ளை எது என்று தெரிந்துவிடும். அந்தப் பேச்சில் லயத்துப் பெண்ணும் டாக்டர் மகனும் சமம்.

அதுவரை ஊரில் உள்ள சொந்தங்களுக்கு இரண்டே வார்த்தை. விசா படிவத்தில் 'ஜென்யூன்' மாணவரா என்று பார்க்கும் ஒவ்வொரு கேள்விக்கும் 150 சொற்களுக்குள் பதில். அதைப் பிள்ளையே எழுதட்டும். ஏஜெண்ட் எழுதினால் நூறு பேருக்கும் ஒரே பதில்தான் போகும்.

இன்னொன்று, கந்துவட்டிக்கு வாங்கி அக்கவுண்டில் போட்டுக் காட்டாதீர்கள். திடீரென்று வந்த பெருந்தொகைதான் முதலில் கண்ணில் படும். பிறகு விசாவும் இருக்காது, வட்டி மட்டும் இருக்கும்.