ரயில் நின்றது... நடை தொடங்கியது! சிங்கப்பூரின் 24 கி.மீ பசுமைப் பாதை

2011 ஜூன் 30, இரவு. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. எஞ்சினில் அமர்ந்து அதை ஓட்டிச் சென்றவர், அப்போதைய ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். பின்னாளில் மலேசியாவின் மன்னரானவர்!

சிங்கப்பூருக்குள் ஓடினாலும், அது மலேசிய ரயில்வேக்குச் சொந்தமான பாதை. 2010-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ரயில் எல்லையோர உட்லண்ட்ஸோடு நின்றுபோனது. தெற்கிலிருந்து வடக்குவரை நீளும் 24 கி.மீ நிலம் சிங்கப்பூரின் கைக்கு வந்தது.

அடி நிலமும் தங்கமாக விற்கும் ஊர். அடுக்குமாடி கட்டலாம், சாலை போடலாம். ஆனால், கடைசி ரயில் கிளம்பும் முன்பே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு கோரிக்கை வைத்தது: 'பாதையைத் துண்டு போடாதீர்கள். முழுசாக, பசுமையாக விட்டுவையுங்கள்.'

ஏன் முழுசாக? ரயிலால் செங்குத்தான மேடு ஏற முடியாது. அதனால் தண்டவாளம் போட்ட இடமெல்லாம் மெல்லிய சரிவாகவே இருக்கும். தாத்தா பாட்டியும் மூச்சு வாங்காமல் நடக்கலாம். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். பறவைகளுக்கும் விலங்குகளுக்கும், ஒரு பசுமைப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதுவே வழி. நடுவில் ஒரு துண்டை விற்றுக் கட்டடம் எழுப்பிவிட்டால், மறுபடி ஒட்டவைக்க முடியாது.

தண்டவாளத்தைப் பெயர்ப்பதற்கு முன் சில நாள்கள் மக்கள் நடந்து பார்க்க அனுமதி கிடைத்தது. குடும்பம் குடும்பமாக வந்து நடந்தார்கள். பாதை தொடர்ச்சியாகவே இருக்கட்டும் என்று அரசும் முடிவெடுத்தது. புக்கிட் தீமாவின் கறுப்பு இரும்புப் பாலங்கள் இரண்டும் தப்பின. அங்கிருந்த குட்டி ஸ்டேஷன் புதுப்பிக்கப்பட்டு 2022-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இந்தத் தடத்தில் தமிழர்களின் வியர்வையும் உண்டு. குவீன்ஸ்வே பகுதியில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருந்த ரயில்வே தொழிலாளர்கள், சின்னக் குடிசையில் முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள். அதுதான் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில்.

சிங்கப்பூர் போகிறவர்கள் ஷாப்பிங்குக்கு நடுவே ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். கிங் ஆல்பர்ட் பார்க் மெட்ரோவில் இறங்கினால், பழைய புக்கிட் தீமா ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். டிக்கெட்? அந்தப் பாதையில் இப்போது யாருக்கும் தேவையில்லை!