கறுப்பு வெள்ளை ஒரு குறையா?

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் ஏற்றி, "சார், இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டு அனுப்புகிறீர்கள். சொல்லிவிடுகிறேன்: கெட்டுப்போயிருக்கிறது.

பிரெஞ்சு ஒளிப்பதிவாளர் ஆன்றி அலெக்கான், 1946-இல் வந்த காக்டோவின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தில் ஒளியையும் நிழலையும் கொண்டே மாய மாளிகையை நம்ப வைத்தார். கலர் மலிந்துவிட்ட 1987-இல் வந்த 'விங்ஸ் ஆஃப் டிசையர்' படத்துக்கும், எழுபதைத் தாண்டிய அவர்தான் கேமரா. அதில் தேவதூதர்கள் காணும் பெர்லின் கறுப்பு வெள்ளை. மனிதர்கள் காண்பது கலர். இரண்டும் கையில் இருந்தும் தெரிந்தே செய்த தேர்வு அது. அதற்கும் கலர் பூசினால் தேவதூதர் எங்கே, மனிதர் எங்கே?

உங்கள் நோட்டில் பிழைக்குத்தான் சிவப்பு மை போட்டேன். பிழையில்லாத இடத்தில் நீங்கள் ஏன் வண்ணம் பூசுகிறீர்கள்?