ஒற்றை நட்டும் ஒரு கையெழுத்தும்



செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி பஸ்சில் போகிற நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், வழியில் வரும் சோழவரம் ஒரு காலத்தில் கார் பந்தயத்துக்குப் பெயர் போன ஊர் என்று? இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்தது. சோழவரம் அடங்கிப் போனது. 1980-களில் விஜய் மல்லையா இங்கே ஒரு ஃபார்முலா ஒன் காரையே ஓட்டியிருக்கிறார்!

பந்தயக் கார் என்றதும் நாம் என்ன கேட்போம்? எத்தனை சி.சி., எத்தனை குதிரை சக்தி? சக்கரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சாதாரணக் காரில் நாலைந்து நட்டுகள். ஒன்று லூசானால் மற்றவை கொஞ்ச நேரம் தாங்கும். சத்தம் வரும், ஸ்டியரிங் ஆடும். ஆனா ஃபார்முலா ஒன் காரிலும் சில ஸ்போர்ட்ஸ் கார்களிலும் நடுவில் ஒரே ஒரு நட்தான். சென்டர் லாக் என்பார்கள். அது போனால் சக்கரமே போச்சு.

1991 போர்ச்சுகல் பந்தயத்தில் முன்னணியில் இருந்த நைஜல் மான்செல், டயர் மாற்றிவிட்டுக் கிளம்பினார். வலது பின்சக்கர நட் சரியாக ஏறவில்லை. கொஞ்ச தூரம் போவதற்குள் சக்கரம் தனியே உருண்டது. 2021-ல் மொனாக்கோவில் வால்டேரி போட்டாஸுக்கு நேர்மாறு. நட்டின் பற்கள் மழுங்கி, கழற்றவே முடியாமல் இரண்டாம் இடத்திலிருந்தவர் பந்தயத்தை விட்டார். கோடிக்கணக்கில் செலவழித்த காரைத் தோற்கடித்தது ஒரு நட்!

சரி, இதில் என்ன பார்க்க வேண்டும்? எல்லாம் நம் ஃபிட்டிங் ஷாப் பாடம்தான். திருகு விசையையும் பிரேக் விசையையும் தாங்க ஹப்பில் டிரைவ் பின்கள் உண்டு. அவை ஆடுகிறதா, சக்கரத்திலுள்ள துளை நீள்வட்டமாகி விட்டதா? நட் உட்காரும் டேப்பரில் பிசிறு, தேய்மானம் உண்டா? புளூ தடவினால் எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும். மயிரிழை விரிசலுக்கு டை பெனட்ரன்ட் டெஸ்ட். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் பிளே தெரியும். பழைய எம்.ஜி., ஜாகுவார் கம்பிச் சக்கரங்களில் இடப்பக்கம் வலது மரை, வலப்பக்கம் இடது மரை. ஓவர்ஹால் செய்தவர் ஹப்பை இடம் மாற்றிப் போட்டுவிட்டால், ஓட ஓட நட் தானே கழன்று வரும்!

கடைசியாக டார்க். 991 வகை போர்ஷே 911 ஜிடி3-ன் சென்டர் லாக்குக்கு 600 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் அறுபது கிலோ ஆள் தொங்குவதற்குச் சமம். ஆனால் நாம் கொடுக்கும் டார்க்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இறுக்கிப் பிடிக்கும் விசையாகிறது; மீதியை உராய்வு தின்றுவிடும். அதனால்தான் மரையில் என்ன கிரீஸ், எங்கே தடவுவது என்பதைக்கூடத் தயாரிப்பாளரே சொல்கிறார். காய்ந்த மரையிலும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும். ஆனா பிடிப்பு இருக்காது.

இப்போது என் கதை. இன்பிளான்ட் டிரெயினிங்கில் நான் பார்த்ததும் ஹப்தான். ஸ்போர்ட்ஸ் காருக்கு இல்லை, லாரிக்கு. ஷிப்ட் முடிகிற நேரம். இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் டார்க் காலம் காலியாக இருந்தது. "எல்லாத்துக்கும் ஒரே நம்பரைப் போட்டுக் கையெழுத்து போடு தம்பி, லோடு வண்டி நிக்குது" என்றார் சூப்பர்வைசர். போட்டேன். மறுக்க வாய் வரவில்லை. அந்த ஹப்புகள் எந்த ஊர் ரோட்டில் ஓடுகின்றனவோ! டிரைவருக்கு என் பெயர் தெரியாது. ஆனா என் கையெழுத்தை நம்பித்தான் வண்டி ஓட்டுகிறார்.

நாளை நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோதான் வேலைக்குச் சேருவோம். டிப்ளமோ முடித்தவன் கையில் முதலில் தருவதே இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்தான். அதை எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். தேரை வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். அச்சாணியைத் தட்டிப் பார்க்க ஒருத்தன் போதும். ஆனா அவன் உண்மையாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். காலிபரேஷன் செய்த டார்க் ரெஞ்ச் ஒன்றை லேபுக்குக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாணவனும் காய்ந்த போல்ட் ஒன்று, எண்ணெய் போட்ட போல்ட் ஒன்று இறுக்கிப் பார்த்து, வித்தியாசத்தைத் தன் கையால் உணரட்டும். உணர்ந்தவனுக்குப் பொய் நம்பர் எழுதக் கை வராது.

பார்த்தால் போடு கையெழுத்து. பார்க்கவில்லையா? "இன்னும் பார்க்கலை சார்" என்று சொல்லப் பழகு. அன்று என் வாயில் வராத அந்த மூன்று வார்த்தை உங்கள் வாயிலாவது வரட்டும்!