கூரை உண்டு, சுவர் இல்லை

திருவனந்தபுரத்தில் இப்போது எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு காட்சி பொதுவாகக் கண்ணில் படுகிறது. மொட்டைமாடியில் இரும்புக் குழாய்களை நிறுத்தி, ட்ரஸ் அடித்து, நீலமோ சிவப்போ ஷீட் போட்டிருக்கிறார்கள். கரமனை, பூஜப்புரை, சாஸ்தமங்கலம் என்று எங்கும் இதேதான். இடவப்பாதி மழையில் கான்கிரீட் தளம் ஒழுகக் கூடாதே என்ற கவலையில் தொடங்கிய வழக்கம் இது. பிறகு துணி உலர்த்தும் இடமாயிற்று. அதற்கும் பிறகு பிறந்தநாள், நிச்சயதார்த்தம், பஜனை, நண்பர்கள் கூட்டம் எல்லாம் நடக்கும் கூடமாயிற்று. கூடம் என்றால் பாட்டு வேண்டாமா? கீழே ஹாலில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் மேலே தூக்கி வந்து மூலைக்கு ஒன்றாக வைத்துவிடுகிறோம். சிலர் அங்கேயே நிரந்தரமாக மாட்டியும் விடுகிறார்கள். ட்ரஸ் இல்லாத வீடுகளில் முன்பக்கத்துச் சிட்அவுட்டில் இதே கதை நடக்கிறது.

இது சரிதானா? சரியில்லை என்பது என் தாழ்மையான கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்லவே இக்கட்டுரை. நான் சங்கீத விமர்சகன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை இரும்பும் மழையும் மின்சாரமுமாகக் காலம் கழித்தவன். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்கிறேன்.

முதலில் பெட்டியின் கதியைப் பார்ப்போம். கூரை தடுப்பது மழைத்துளியை மட்டுமே. காற்றிலுள்ள ஈரத்தைத் தடுக்க அதனால் ஆகாது. நம் ஊருக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் துலாவர்ஷம் என்று இன்னொன்று. அந்த மாதங்களில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டுவது சாதாரணம். வீட்டுக்குள் வைப்பதற்கென்று செய்த ஸ்பீக்கரில் கூம்பு பெரும்பாலும் காகிதம். 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் இன்றைய ஸ்பீக்கருக்கு வடிவம் கொடுத்தார்கள். அப்போது தொடங்கிய காகிதக் கூம்பு இன்றும் வழக்கில் இருக்கிறது, ஏனென்றால் அது லேசானது, நாதமும் நன்றாக இருக்கும். ஆனால் காகிதம் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் கனத்துத் தளர்ந்துபோகும். கூம்பின் விளிம்பில் ஸ்பஞ்சு வளையம் இருந்தால் அது சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். பெட்டி, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையானால் ஓரங்களில் ஊதிப் பிளக்கும்.

இவற்றைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் இடைவெளி. கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே ஆடுவதற்கு விட்டிருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே இரும்பில் துரு பூத்தால் சுருள் உரசும். பாட்டோடு சேர்ந்து கரகரவென்று ஓர் ஓசை வரும். சங்குமுகம், வலியதுறைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் அங்கே ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கடலோரத்தில் ஜன்னல் கம்பி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்குக் குளவி. பெட்டியின் முன்னாலோ பின்னாலோ இருக்கும் துளை அதற்கு நாமே கட்டிக்கொடுத்த வீடு போலத்தான்.

"போனால் போகிறது, இப்போது ஸ்பீக்கர் மலிவுதானே, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு நண்பர் சொன்னார். வசதியுள்ளவர் சொல்லலாம். ஆனால் அந்தப் புதிய பெட்டியும் அதே இடத்தில் அதே வேலையைச் சரியாகச் செய்யப் போவதில்லை. அதுதான் என் இரண்டாவது காரணம்.

வீட்டுக்குள் பாட்டுக் கேட்கும்போது நம் காதில் விழுவது பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலி மட்டுமன்று. நான்கு சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துதான் நமக்கு நிறைவு தருகிறது. தாழ்ந்த சுருதிக்கு, அதாவது மிருதங்கத்தின் தொப்பிக்கும் தம்புராவின் மந்தரத்துக்கும், சுவரின் துணை மிகவும் தேவை. பெட்டியை வெளியே கொண்டுவந்தால் சுவர் இல்லை. அந்தத் துணையும் இல்லை. மேலே ஷீட் மட்டும் இருக்கிறது. அது உயர்ந்த சுருதியைத் தகரம் போலத் திருப்பி அடிக்கிறது. நாதம் மெலிந்து கூர்மை மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 70 இருந்தால் 2 மீட்டரில் 64, 4 மீட்டரில் 58, 8 மீட்டரில் 52. வீட்டுக்குள் சுவர்கள் இருப்பதால் இந்த அளவு குறைவதில்லை. மாடியில் மூலையில் பெட்டியை வைத்தவர், எதிர்மூலையில் நாற்காலி போட்டவருக்குக் கேட்கவில்லை என்றதும் என்ன செய்கிறார்? குமிழைத் திருகுகிறார். ஒலி 10 டெசிபல் கூட ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். காதுக்கோ அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் படும். சின்ன ஆம்ப்ளிஃபயர் திணறுகிறது. திணறும்போது அது அனுப்பும் சிதைந்த அலையில் முதலில் கருகுவது உயர்சுருதிக்கான சிறிய ஸ்பீக்கர். "நல்ல கம்பெனிப் பெட்டி, ஆறு மாதத்தில் போய்விட்டது" என்று பலர் குறைப்படுகிறார்கள். அதை வைத்த இடத்தையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

கூரை உண்டு, சுவர் இல்லை என்ற இந்த நிலைமை ரயில்வேக்காரர்களுக்குப் புதிதன்று. பிளாட்பாரம் என்பதே அதுதான். திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையக் கட்டடம் 1931இல் திறக்கப்பட்டது. அங்கே நின்று ஒருமுறை மேலே பாருங்கள். பெரிய ஸ்பீக்கர் ஒன்றை ஒரு கோடியில் வைத்து அலறவிடுவதில்லை. கூரையின் நீளம் முழுவதும் இடைவெளி விட்டுச் சின்னச்சின்ன ஸ்பீக்கர்களை மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே நிற்பவருக்கு மட்டும் சொன்னால் போதும். பயணி எங்கே நிற்கிறாரோ அங்கே ஸ்பீக்கர் போகிறது. ஒரு ஸ்பீக்கர் பயணியைத் துரத்துவதில்லை. வெளியிடத்துக்கென்றே செய்த கருவிகள் அவை. காகிதக் கூம்பை அங்கே யாரும் தொங்கவிடமாட்டார்கள்.

இதையே நம் மாடிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலையில் ஒரே பெட்டி. 8 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு 65 டெசிபல் வேண்டும் என்றால் பெட்டியிலிருந்து 1 மீட்டரில் 83 இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தவர் காதைப் பொத்திக்கொள்வார். அதற்குப் பதிலாக நான்கு சின்னப் பெட்டிகளை, கேட்பவர் யாரும் 2 மீட்டருக்கு மேல் தள்ளி இல்லாதபடி வைத்தால், 1 மீட்டரில் 71 போதும். 12 டெசிபல் குறைவு என்பது சக்திக் கணக்கில் பதினாறில் ஒரு பங்கு. நான்கு பெட்டியையும் கூட்டினாலும் முன்பு செலவான சக்தியில் நாலில் ஒரு பங்குதான். எல்லாருக்கும் கேட்கிறது, யார் காதும் வலிக்கவில்லை.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம் ஊரில் ஐந்து சென்ட், ஆறு சென்ட் மனைகளில்தான் பெரும்பாலோர் வீடு கட்டியிருக்கிறோம். மாடியின் விளிம்புக்கும் அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவே சில மீட்டர்களே இருக்கும். கீழே ஹாலில் பாடும் பெட்டியைச் சுவர் மறைத்துக் கொள்கிறது. மாடியில் மறைப்பு ஏது? அதிலும் தாழ்ந்த சுருதி எந்த மூலையையும் சுற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் விழா என்றால் இரவு பதினொன்றரை வரை ஜன்னல் கண்ணாடி அதிரும். எதிர்வீட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த ஓர் அம்மாள் படுத்திருந்தார். அவர் மகன் போய்ச் சொன்னதற்கு, "வருஷத்துக்கு நாலு நாள்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று பதில் வந்ததாம். தெருவில் இருபது வீடு. ஒவ்வொருவருக்கும் நாலு நாள் என்றால் எண்பது நாள் ஆயிற்று. இந்தக் கணக்கை அவர்கள் போட்டுப் பார்க்கவில்லை.

சட்டமும் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு பத்து முதல் காலை ஆறு வரைதான் இரவு. 2010இல் வந்த திருத்தத்தில், தனியார் இடத்தில் வைத்திருக்கும் ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது என்றும் சேர்த்தார்கள். ஆக, இரவில் நம் காம்பவுண்டுச் சுவரருகே 50. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே ஏறக்குறைய 60 என்றால், இது எவ்வளவு குறைவு என்று புரியும். உச்ச நீதிமன்றமும் 2005 ஜூலையில் ஒலி மாசு வழக்கின் தீர்ப்பில், வேண்டாத ஓசையைக் கேட்குமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை என்ற நிலையையே எடுத்தது. இருந்தாலும் பக்கத்து வீட்டு விஷயம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதை நான் விரும்பவில்லை. நாமே உணர்ந்து செய்தால் விதி எதற்கு?

வெளியில் உட்கார்ந்து சங்கீதம் கேட்பதே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நம் ஊரின் அழகே அதில் இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய குதிரைமாளிகையில் ஜனவரி மாதத்தில் நடக்கும் சங்கீத உற்சவத்தில், வித்வான்கள் முகப்புத் தாழ்வாரத்தில் அமர்ந்து பாட, ரசிகர்கள் முற்றத்தில் வானத்தின் கீழே உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தச் சுகம் ஏ.சி. அரங்கத்தில் வருமா? ஆனால் அது மழை ஓய்ந்த மாதம் என்பதையும், அங்கே சுற்றிலும் பரந்த இடம் இருப்பதையும் மறக்கக் கூடாது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? ஹால் பெட்டியை எப்போதாவது வெளியே கொண்டுவந்தால் அன்றைக்கே உள்ளே கொண்டுபோய் வையுங்கள். தடுப்பதற்கு ஒரு சுவர் இருந்தால் அதை ஒட்டி, வீட்டுப் பக்கம் முகம் திருப்பி வையுங்கள். தாழ்ந்த சுருதி கொஞ்சம் மீளும், தெருவுக்குப் போவது குறையும். நிரந்தரமாக வேண்டும் என்றால் வெளியிடத்துக்கென்று செய்ததையே வாங்குங்கள். பிளாஸ்டிக் கூம்பு, ரப்பர் விளிம்பு, துருப்பிடிக்காத திருகு இருக்கிறதா என்று கேளுங்கள். ஐபி என்று போட்டு வரும் எண் தூசியையும் தண்ணீரையும் மட்டும் சொல்லும், உப்பைச் சொல்லாது என்பதைக் கடலோரத்தார் நினைவில் வைக்க வேண்டும். சிலருக்கு பேட்டரியில் ஓடும் சிறிய ப்ளூடூத் பெட்டி ஒன்றே போதும். நாற்காலிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, முடிந்ததும் கையோடு எடுத்துப் போகலாம். ஆம்ப்ளிஃபயரை ஈரமான தரையில் வைக்காதீர்கள். மாடிக்குப் போகும் மின்இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கட்டும். துலாவர்ஷத்தில் மதியத்துக்கு மேல் இடி தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் வீடுகளில் நடக்கும் கொலு, பஜனை, பாராட்டுக் கூட்டம் எதுவானாலும், தொடங்கிய ஐந்தாவது நிமிடம் ஒருவர் இறங்கிப்போய் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கேட்கட்டும். பாட்டின் வார்த்தை அங்கே தெளிவாகப் புரிந்தால் ஒலியைக் குறைக்கச் சொல்லட்டும். ஒன்பதரைக்கு மைக்கை அணைத்துவிடுவோம். மலையாளிகளும் தமிழர்களும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்துவரும் ஊர் இது. தமிழ்ச் சங்கத்து விழா என்றால் சத்தமில்லாமல் நேரத்தோடு முடியும் என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் நிலை வந்தால், அதைவிடப் பெரிய பெயர் நமக்கு வேறு வேண்டாம்.