பில் போட எதுக்குய்யா ரியாக்ட்டு?

டிஸ்கி: எழுதுகிறவன் பி.காம். மூன்றாம் வருஷம். பொட்டி தட்டுவதற்குப் பட்டமெல்லாம் கிடையாது. கணினித்துறை அண்ணன்கள் படித்துவிட்டுத் தாராளமாகத் திட்டலாம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

சின்னசேலம் பக்கம் என் மாமா மரவள்ளிக்கிழங்கு தரகு பார்க்கிறார். விவசாயியிடம் வாங்கி சேகோ ஃபேக்டரிக்கு ஏற்றிவிடும் வேலை. பாதிக் கிழங்கு கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருவது. எடை, கழிவு, மாவுச்சத்து பாயிண்ட், அன்றைய விலை எல்லாம் போட்டு பில் அடிக்கவும், விவசாயி தன் பாக்கியைப் போனிலேயே பார்க்கவும் போன வருஷம் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். பக்கத்தை சர்வரே முழுசாகச் செய்து அனுப்பும், போன் வாங்கிக் காட்டும். அவ்வளவுதான் வித்தை.

இரண்டே குறை. எடையை மாற்றினால் தொகை உடனே மாறாது, பொத்தானை அமுக்கின பிறகுதான் தெரியும். சிக்னல் இழுக்கும்போது பொறுமையில்லாமல் இரண்டு தரம் அமுக்கினால் ஒரே லோடுக்கு இரண்டு பில் விழும். இப்படி ஒரு விவசாயிக்கு இரட்டை வரவு விழுந்து, அதைத் திருத்தப் போய், "என் காசைக் குறைச்சிட்டீங்க" என்று அவர் கடைக்கே வந்து நின்றுவிட்டார். மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை விடுங்கள்.

கல்லூரி அண்ணன்கள் இருவரிடம் கேட்டேன். ஒரே பதில். "இதெல்லாம் பழைய முறைடா தம்பி, மொத்தத்தையும் ரியாக்ட்டுல எழுது."

எழுதினேன். மூன்று வாரம் போச்சு. கடை வைஃபையில் பக்கம் பறந்தது. வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊரில் பழைய போனில் திறந்தார்கள். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம் சுத்துகிறது, சுத்திக்கொண்டே இருக்கிறது. காரணம் ரொம்ப எளிது. சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லில் ஒன்றுமே கிடையாது, காலிப் பாத்திரம். ஜாவாஸ்கிரிப்ட் முழுசாக வந்து இறங்கி, ஓடி, தகவலைத் தனியாகக் கேட்டு வாங்கினால்தான் அதில் சோறு விழும். வெறும் ரியாக்ட்டும் அதன் டாம் பகுதியுமே சுருக்கி அனுப்பினாலும் 40 கேபிக்கு மேல். அதற்கு மேல் நான் சேர்த்த மூட்டைகள் வேறு.

"இந்தக் காலத்துல யாருக்குடா ஜாவாஸ்கிரிப்ட் வராது?" என்பார்கள். பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் 2013ல் இதை எண்ணியே பார்த்தது. வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. அதில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்தவர்கள் 0.2 சதவீதம்தான். மிச்சம் 0.9, வர வேண்டியது வராமல் போனவர்கள். அது பிரிட்டன். வெள்ளிமலைக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழையதையே எடுத்துத் தூசி தட்டினேன். கூடவே ஆல்பைன் என்ற ஒரே ஒரு கோப்பு, சுருக்கினால் சுமார் 15 கேபி. கேலப் போர்சியோ என்பவர் 2019 கடைசியில் ஆரம்பித்தது. (நம்ம மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்ததும் அதே 2019 நவம்பரில்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.) பில்டு கருவி கிடையாது, ஆயிரம் கோப்பு இறக்கும் சடங்கு கிடையாது. இருக்கிற எச்டிஎம்எல் டேக்கிலேயே நாலு வார்த்தை சேர்த்தால் தொகை உடனுக்குடன் மாறுகிறது. அமுக்கின பொத்தான் உடனே முடங்குகிறது. கோப்பை வேறு எவர் சர்வரிலிருந்தோ இழுக்காமல் என் சர்வரிலேயே வைத்தேன், இன்னொரு முகவரியைத் தேடி அலையும் நேரம் மிச்சம். அந்தக் கோப்பு வராவிட்டால்? தொகை உடனே மாறாது, அவ்வளவே. பில் விழும், பாக்கி தெரியும். இரண்டு தரம் அமுக்கினாலும் ஒரு பில்தான், ஏனென்றால் படிவத்துக்கு ஒரு எண் கொடுத்து இரண்டாவதை சர்வரே தள்ளிவிடுகிறது. பொத்தானை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கோப்பு வராத நாளில் மறுபடியும் பழைய கதைதான்.

இங்கே காமர்ஸ்காரன் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரட்டைப் பதிவு என்றால் ஒரே பேரேட்டில் பற்றும் வரவும். இரண்டு பேர் தனித்தனியாக இரண்டு பேரேடு எழுதுவது அல்ல. நான் எழுதிய ரியாக்ட் வகையறாவில் அதுதான் நடந்தது. பாக்கி எவ்வளவு என்று போனில் ஒரு கணக்கு, சர்வரில் ஒரு கணக்கு. ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். இரண்டு பக்கமும் பைசாவை வேறு வேறு மாதிரி ரவுண்டு செய்தால் மாதக் கடைசியில் உட்கார்ந்து டேலி செய்வது யார்? நான்தான். இப்போது போனில் தெரிவது உத்தேசம் மட்டும், அப்படி என்றே பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். சர்வர் போட்டதுதான் பில். உத்தேசமும் வேண்டாம், சர்வரையே கேட்டு அந்தத் துண்டை மட்டும் மாற்று என்றால் அதற்கு எச்டிஎம்எக்ஸ் இருக்கிறது. அதுவும் ஏறக்குறைய இதே எடைதான்.

அண்ணன்கள் மேல் ஒரேயடியாகக் கோபமில்லை. வேலை விளம்பரங்களில் ரியாக்ட் கேட்கிறார்கள், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நிமிஷத்துக்கு நூறு விஷயம் மாறுகிற திரை, பத்து பேர் ஒரே நேரத்தில் திருத்தும் ஆவணம் என்றால் அது தேவைதான், அங்கே ஆல்பைனை வைத்து மல்லுக்கட்டுவது முட்டாள்தனம். ஆனால் உங்கள் ரெஸ்யூமுக்கு ஒரு வரி சேர்க்க மாமா கடை ஏன் செலவு செய்ய வேண்டும்? நாளைக்கு நான் வேலைக்குப் போய்விட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பிக்கும் ஆணியை யார் புடுங்குவது?

ஒரு இடத்தில் மட்டும் அண்ணன் சொன்னது சரி. "சிக்னலே இல்லாத ஊர்ல உன் சர்வர் பக்கம் என்னடா பண்ணும்?" ஒன்றும் பண்ணாது. போனுக்குள்ளேயே எழுதி வைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்புகிற மாதிரி செய்ய ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் முடியாது. ஆனால் அதற்கு மொத்தத்தையும் இடித்துக் கட்ட வேண்டாம். எடை போடும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அப்படிச் செய்தால் போதும். பரீட்சை முடிந்ததும் உட்கார வேண்டும்.

அதுவரை மலையில் கடைசி இரண்டு ஊருக்கு மாமா கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தோடுதான் போகிறார். ராத்திரி கடைக்கு வந்ததும் நான் ஏற்றிவிடுகிறேன்.